எருமைக்கு வேர்க்காது

ஆச்சிப்பிள்ளை என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் முதுகில் அகப்பைக் காம்பு விழுந்த அன்று. ஆறு வயதிருக்கும். வேலைக்காரருக்குச் சோறு கொண்டுபோன அம்மாவின் பின்னால் வட்டைக்குப் போயிருந்தேன். வட்டை என்பது கண்ணுக்கெட்டிய மட்டும் கிடக்கும் எங்கள் வயல்வெளி. அதன் நடுவில் சாணி மெழுகிய களவெட்டியில், அதாவது களத்தில், எருமைகளை விட்டு நெல் பிரிக்கும் சூடு மிதிப்பு நடந்துகொண்டிருந்தது. பராக்குப் பார்த்துக்கொண்டு நின்ற நான் ஒரு காலைக் களத்துக்குள் வைத்துவிட்டேன். அம்மா என்னைப் பிடித்து இழுத்து, கையிலிருந்த அகப்பையாலேயே ஒன்று போட்டார்.

“நீயென்ன ஆச்சிப்பிள்ளையோ, களத்துக்குள்ள கால வைக்க?”

“ஆரும்மா ஆச்சிப்பிள்ளை?” என்று அழுதுகொண்டே கேட்டேன். எருமைகளின் பின்னால் நடந்த ஆண்கள் சிரித்தார்கள். ஒருவர் திரும்பி நின்று காறித் துப்பினார். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என் முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்:

“அவ உனக்குப் பெரியம்மா முறை. இனி ஆரும் அவட பேருக்குத் துப்பினா நீ பாத்துக்கொண்டு நிக்கப்படா.”

அடித்ததும் அவர்தான், இதைச் சொன்னதும் அவர்தான்.

முறையைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் தாயும் ஆச்சிப்பிள்ளைப் பெரியம்மாவின் தாயும் கூடப்பிறந்த சகோதரிகள். அவர்களுக்கு ஒரே ஒரு அண்ணன், கதிர்காமத்தம்பிப் போடியார். போடியார் என்றால் பெரிய நிலக்காரர். மருதடி வட்டையில் பாதி அவருடையது. எங்கள் பக்கத்தில் தாயின் சொத்து மகளுக்குத்தான் வரும். பெரியம்மாவுக்குத் தாய் கொடுத்துவிட்டுப் போனது ஒரு எருமைப் பட்டி. புருஷன் கதிரவெளிக் காட்டுப் பக்கம் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இளவயதிலேயே தவறிப்போனார். பிள்ளை இல்லை. தன்னாமுனைக்கு மேற்கே ஒரு மடுவின் கரையில் ஓலைக் குடிசையாக ஒரு வாடி கட்டிக்கொண்டு, எருமைகளோடு எருமையாகப் பெரியம்மா இருந்தார். இது மற்றவர்கள் சொன்ன சொல். அவர் அதைக் கேட்டால், “ஓம், அதுக்கென்ன? உங்களோட மனிசராய் இருந்து என்னத்தைக் கண்டன்?” என்பார்.

எருமையைப் பற்றி எங்களூரில் எல்லோரும் பிழையாக நம்பிய ஒன்று இருந்தது. எருமைத் தயிர் உடம்புக்குக் குளிர்ச்சி. ஆகவே எருமையும் குளிர்ந்த சாதி, அதை வெயில் ஒன்றும் செய்யாது என்பது. தயிரைத் தின்று தின்று வந்த எண்ணம் அது. பெரியம்மா இதைக் கேட்டால் விடமாட்டார்.

“குளிர்ந்த சாதியெண்டா மார்கழி விடியப்புறம் வந்து பால் கறந்து பாருங்க. வெளியில மழை ஊத்துது, எண்ட கை விறைச்சுப் போகுது, மடி மட்டும் அடுப்புக்கல்லுப் போலக் கிடக்கு. செம்புக்குள்ள ஆவி பறக்குது. ஆரு அதுக்குள்ள நெருப்பு மூட்டினது?”

மடுவின் மறுகரையில் முதலைகள் கிடக்கும். விடிந்ததும் வெயிலுக்கு ஏறி வந்து, உடம்பு காயுமட்டும் மரக்கட்டைபோல அசையாது. பெரியம்மா அவற்றைக் காட்டிச் சொல்வாராம்: “அவருக்கு அடுப்பு வானத்தில. பொழுது வந்தாத்தான் அவருக்குச் சீவன். நமக்கும் எருமைக்கும் அடுப்பு உள்ளுக்குள்ள. தின்னிறதெல்லாம் அதுக்கு விறகு. அது அணையவும் படா, கூடவும் படா.”

மாரி காலத்தில் பிறந்த கன்றுகள் மழையில் நனைந்து நடுங்கும். அதைப் பார்த்து மற்றவர்கள் பதறுவார்கள். “நடுங்கட்டும். உடம்பு தனக்குத்தானே விறகு கொத்துது. நனைஞ்ச கண்டு நடுங்காமக் கிடந்தாத்தான் நான் பயப்பிடுவன்” என்பார். அப்படி ஒரு கன்று நடுக்கம் நின்று கிடந்தால் வாடிக்குள் தூக்கி வந்து, சாக்கால் துடைத்து, தன் வயிற்றோடு அணைத்துப் படுத்துக்கொள்வார். மறுபடி நடுக்கம் தொடங்கிய பிறகுதான் அவருக்கு மூச்சு வரும்.

குளிருக்கு இத்தனை வழி இருந்தது. வெயிலுக்கு எருமையிடம் இருந்தது ஒரே வழி. மனிதருக்கு வேர்க்கும். நாய் நாக்கைத் தொங்கப்போடும். காகம் வாயைப் பிளந்துகொண்டு வேலியில் இருக்கும். எருமைக்கு வேர்வை என்று சொல்லும்படி ஒன்றும் வராது. தோல் கறுப்பு, மயிரும் குறைவு. உள்ளே எரிவது போதாதென்று மேலே வெயிலும் ஏறும். சேறும் தண்ணீரும் கிடைத்தால் தப்பும், கிடைக்காவிட்டால் இல்லை. அதனால்தான் பொழுது சாய்ந்த பிறகே பெரியம்மாவின் எருமைகள் களத்துக்குப் போகும், வெயில் ஏற முன்னர் மடுவுக்குத் திரும்பிவிடும். எவர் கேட்டாலும் அதுதான் பேச்சு.

எனக்கு அந்த அகப்பை அடி விழ முன்னர், யுத்தம் வருவதற்கு இரண்டொரு வருடம் முந்திய கோடையில்தான் அந்தப் பேச்சு உடைந்தது. அமிர்தகழியில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து சனம் வீடு திரும்பிய கையோடு வட்டையில் அறுவடை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நெருப்பை அள்ளிக்கொண்டு வீசியது. அந்த வெக்கைக்கு நடுவில் ஒரு பின்னேரம் யாரும் எதிர்பாராமல் இடிமழை கொட்டி, அறுத்துப் போட்டிருந்த கதிரெல்லாம் நனைந்துபோனது. போடியார் அதைச் சரியாகக் காயவிடாமல் அள்ளிக் குவித்துச் சூடு வைத்துவிட்டார். கதிர்க்குவியலுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் சூடு. ஈரத்தோடு வைத்த சூடு உள்ளே வேகத் தொடங்கியது. கையை உள்ளே விட்டால் சுடும். அப்படியே விட்டால் நெல் முளைத்து நாறிவிடும்.

போடியார் வண்டில் கட்டிக்கொண்டு மடுக்கரைக்கு வந்தார்.

“மருமகள், சூட்டுக்குள்ள கை வைக்க ஏலாமக் கிடக்கு. நாளைக்கு விடிய எருமைய இறக்கித் தா.”

“விடியவோ? நம்மட எருமை பொழுது சாயத்தானே களத்துக்கு வாற, மாமா?”

“பொழுது சாயுமட்டும் பாத்துக்கொண்டிருந்தா நெல்லு முளைச்சிரும் பிள்ள.”

“உங்கட சூடு வேகுதெண்டா எண்ட எருமையும் சேந்து வேகவோ?”

“ஊரில உனக்கு மட்டும்தான் இந்த வாய்!” போடியார் சிரித்துவிட்டார். “எருமை குளிர்ந்த சாதி, எண்ட கிளி. ஒரு பகல்ல உருகிப் போயிராது.”

பெரியம்மா மறுத்திருக்கலாம். ஆனால் கேட்பவர் தாயின் அண்ணன். அந்த நெல்லை நம்பி அறுவடைக்காரர் குடும்பங்கள் பல இருந்தன, எங்கள் குடும்பமும் உட்பட. யோசித்துவிட்டுக் கேட்டார்:

“உச்சிக்கு முந்தி அவிழ்த்துத் தண்ணிக்கு விடுவீங்களோ?”

“தண்ணி காட்டுவம் பிள்ள, காட்டாம விடுவமா?”

மாமாவின் வாயிலிருந்து வந்த சொல்தானே என்று பெரியம்மா எருமைகளை விட்டார். அவர் கேட்டது மடுவில் இறக்குவதை. மாமா சொன்னது குடிக்கக் கொடுப்பதை. இந்த வித்தியாசம் மாமாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது என்றுதான் நான் நம்புகிறேன். சூட்டைப் பாதியில் விட்டு, எருமைகளைச் சேர்த்துக் கட்டிய பிணையலை அவிழ்ப்பது எங்கள் களத்து வழக்கத்தில் இல்லை. அவிழ்த்தால் பொலி போய்விடும் என்பார்கள். பொலி என்றால் விளைச்சலின் பெருக்கம், களத்தின் இலட்சுமி.

அந்தப் பொலிக்காகவே களத்துக்கென்று ஒரு பேச்சும் உண்டு. செத்தது, அறுந்தது, தீர்ந்தது என்று அங்கே வாய்விட்டுச் சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் ‘பொலிஞ்சிட்டு’ என்பதே சொல். குடத்தில் தண்ணீர் தீர்ந்தாலும் பொலிஞ்சிட்டு, கயிறு அறுந்தாலும் பொலிஞ்சிட்டு. பெண்கள் களத்துக்குள் கால் வைக்கவும் கூடாது. அம்மா அன்று களத்துக்கு வெளியே, வேலைக்காரர் தங்கும் வயல் வாடியின் முன்னால் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார். இனிக் களத்தில் நடந்ததாகச் சொல்வதெல்லாம் அவர் கண்ணால் கண்டது.

மத்தியானமாகியும் எருமைகள் மடுவுக்கு வரவில்லை. பெரியம்மா கரையிலேயே நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏறாவூர் இப்றாஹிம் காக்கா தயிர்ச்சட்டிக் காவடியோடு வந்தார். காக்கா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். பெரியம்மாவிடம் தயிர் வாங்கி விற்கிறவர். நெசவுக் குடும்பம், களத்துப் பேச்சு அறியாதவர். வரும் வழியில் களத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

“தங்கச்சி, நல்ல செய்தி கொண்டு வந்திரிக்கன்! கடும்புப் பால் எனக்குத்தான், வேற ஆருக்கும் வாக்குக் குடுத்திராத!”

“என்ன செய்தி காக்கா?”

“ஒண்ட கோணக்கொம்பி பொலிஞ்சிட்டாம். முல்லைக்காரன் இராசதுரை சொல்லச் சொன்னான். கிடாக்கண்டோ நாகுகண்டோ எண்டு கேட்டன், வாயே தெறக்கிறானில்ல. பொறாமை புடிச்சவன்!”

கோணக்கொம்பி என்பது பட்டியின் தலை எருமை, பெரியம்மாவின் தாய் கையால் வளர்த்தது. முல்லைக்காரன் என்றால் வயல் வேலைக்காரரின் தலைவன். அவன் களத்தில் நின்றபடி வேறெப்படிச் சொல்லுவான்? இப்றாஹிம் காக்கா அதைக் கன்று போட்ட செய்தி என்று நினைத்து, கடும்புப் பால் என்ற சீம்பாலுக்குச் சொல்லிவைக்க வந்துவிட்டார். “அந்த முகத்தக் கண்ட பொறகுதான் நான் என்னமோ புழையாச் சொல்லிட்டன் எண்டு வெளங்கிச்சி” என்று கிழவராகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியம்மா ஓடினார். காவடியை இறக்கிப் போட்டுவிட்டு இவரும் பின்னால் ஓடினார்.

களத்தின் ஓரத்தில் கோணக்கொம்பி கிடந்தது. மேலே வைக்கோல் போட்டு மூடியிருந்தார்கள், கொம்பு மட்டும் வெளியே. மற்ற எருமைகளை இன்னும் சூட்டின் மேல் வளைய ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சுட்டி என்ற எருமையின் வாய் பிளந்து, நாக்கு வெளியே தள்ளி, நுரை நூலாக வடிந்தது. பின்னங்கால்கள் பின்னிப் பின்னி விழுந்தன. அதன் விலா அடித்த அடியை வாடியில் இருந்தே கண்டதாக அம்மா சொன்னார்.

“ஆச்சிப்பிள்ள, அங்கேயே நில்லு! கால வையாத!” என்று போடியார் கத்தினார்.

பெரியம்மா காலை வைத்தார். நேரே நடுக்களத்துக்குப் போய் நின்றார்.

“இராசதுரை, கோணக்கொம்பிக்கு என்ன?”

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “பொலிஞ்சிட்டு, அக்கா.”

“என்னடா பொலிஞ்சது? செத்திட்டு எண்டு சொல்லு.”

இராசதுரை ஒரு அடி பின்னால் வைத்தான்.

“நீ சொல்லமாட்டாய். நான் சொல்றன். செத்திட்டு! மாமா, எண்ட எருமை செத்திட்டு! வெயில்ல வெந்து செத்திட்டு! கேட்டுதா, இன்னும் பெலத்துச் சொல்லட்டோ?”

கிழவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். போடியார் கையை வீசிக்கொண்டு சொன்னார்:

“தண்ணி காட்டினம்டி! வாளி வாளியாக் காட்டினம், குடிச்சுது!”

“வாய்க்குக் காட்டினீங்க. மேலுக்கு ஆரு காட்டின? நீங்க குடிச்சா அது வேர்வையா வரும், காத்துப் படும், குளிரும். இது குடிச்ச தண்ணி எங்கால வரும்? இஞ்ச வாங்க. இதுர காதடியில கைய வைங்க.”

போடியார் கோழையல்ல. வந்தார். சுட்டியின் காதடியில் கை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

“சுடுதுதான்,” என்றார். “எண்ட சூடும் சுடுது. இன்னும் பாதி கிடக்கு. இப்ப அவிழ்த்தா நெல்லும் போகும், பொலியும் போகும். இந்த மாரிக்கு நம்மட சனம் என்னத்தத் தின்னும்? நீ சோறு போடுவியோ?”

“முளைச்ச நெல்லத் தின்னலாம் மாமா. செத்த எருமைய ஆரு எழுப்புவீங்க?”

பெரியம்மா பிணையல் முடிச்சில் கை வைத்தார். நுரையிலும் ஈரத்திலும் கயிறு இறுகிப்போயிருந்தது. பல்லால் இழுத்துப் பார்த்தார். “இராசதுரை, அரிவாளக் கொண்டா” என்றார். இராசதுரை போடியாரைப் பார்த்தான், அவர் தலையசைக்கவில்லை. அவன் அரிவாளைக் கொடுக்கவுமில்லை. இடுப்பிலிருந்து எடுத்துப் பெரியம்மாவின் காலடியில் போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றான். பெரியம்மா கயிற்றை அறுத்தார்.

“இண்டையில இருந்து நீ எண்ட தங்கச்சிர மகளில்ல” என்றார் போடியார்.

“அவட எருமையச் சாகடிச்சுப்போட்டுத்தானே சொல்றீங்க” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா எருமைகளைக் களத்தை விட்டு மடுவுக்கு இறக்கினார்.

இப்றாஹிம் காக்கா உதவுகிறேன் என்று கம்பெடுத்து ஓட்டப் பார்த்தார். “ஓட்டாதீங்க காக்கா! ஓடினா உள்ளுக்கு இன்னும் விறகு போடுற மாதிரி. ஆறுதலா வரட்டும்.” வாடியைக் கடக்கும்போது சுட்டி முட்டுக்குத்தி விழப் பார்த்தது. அப்போது என் அம்மா உலையில் ஊற்ற வைத்திருந்த குடத்துத் தண்ணீரைத் தூக்கி வந்து அதன் கழுத்திலும் முதுகிலும் கவிழ்த்தார். போடியார் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றப் பெண்களும் குடங்களோடு வந்தார்கள். காக்கா தன் சால்வையை நனைத்துச் சுட்டியின் தலையில் போட்டு, ஓலைப் பெட்டியால் விசிறிக்கொண்டே நடந்தார். அன்று களத்தில் வேலைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை, தண்ணீர் இல்லாமல் உலை வைக்க முடியவில்லை.

மடுவில் மற்ற எருமைகள் தாமாகப் படுத்துவிட்டன. சுட்டிக்குத் தலையைத் தூக்கி வைக்கும் பலம் இல்லை, அப்படியே விட்டால் மூக்கில் தண்ணீர் ஏறிவிடும். பெரியம்மா கழுத்தளவு சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து அதன் தாடையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டார். மறு கையால் சேற்றை அள்ளி முதுகில் அப்பினார். முதலைகள் கிடந்த மடுதான். “வரச் சொல்லுங்க, இண்டைக்கு நான் அவரயும் கடிப்பன்” என்றாராம்.

பொழுது சாயத் தொடங்கியபோது சுட்டியின் மூச்சு இறங்கியது. வாய் மூடியது. காது ஒன்று அசைந்து, அதில் இருந்த ஈயை விரட்டியது. பெரியம்மா அப்போதுதான் கோணக்கொம்பிக்காக அழுதார்.

போடியாரின் நெல் பாதி முளைத்துப் பழுதானது. அதை நான் மறைக்கமாட்டேன். அந்த மாரிக்கு எங்கள் வீட்டிலும் நாறிய சோறுதான். ஊர்ப் பழியெல்லாம் பெரியம்மாவின் மேல் விழுந்தது. ஈரத்தோடு சூடு வைத்தவர் யார் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. கோயிலில் பெரியவர்கள் கூடி, பெரியம்மா பரிகாரமாகக் களத்துக்குப் பால் பொங்கி, மாமாவின் காலில் விழவேண்டும் என்றார்கள். இல்லையென்றால் இந்த ஊர்க் களம் எதிலும் அவருடைய எருமை இறங்கக்கூடாது.

பெரியம்மா கோயில் வாசலில் நின்று கேட்டார்: “கோணக்கொம்பிக்கு ஆரு பொங்குறது? அதச் சொல்லுங்க முதல்ல, மறுகா நான் அடுப்பு மூட்டுறன்.” அதற்குமேல் அங்கே நிற்காமல் திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த போகத்துக்கு இப்றாஹிம் காக்கா ஓட்டமாவடிப் பக்கத்து வயல்காரரிடம் பேசி, பெரியம்மாவின் எருமைகளை அங்கே மிதிப்புக்கு விட ஏற்பாடு செய்தார். அங்கேயும் பெண்கள் களத்துக்குள் போவதில்லை. பெரியம்மா வரம்பில் ஓலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்று கத்துவார்: “அவிழ்த்து விடுங்க!”

“என்ன ஆச்சிப்பிள்ள, இன்னும் சூரியன் மரத்துக்கு மேலயே வரல்ல!”

“சூரியன ஆரு பாத்த? சுட்டிர வாயப் பாரு! இன்னும் ரெண்டு சுத்து எண்டா நீ அந்த இடத்தில நிண்டு மிதி!”

களமெல்லாம் சிரிக்கும். ஆனால் அவிழ்ப்பார்கள். அவிழ்க்காத களத்துக்கு மறு போகம் அவர் எருமை வராது. யுத்த காலத்தில் அரிசி தட்டுப்பாடாகி, விளைந்ததை உடனே மிதிக்க எல்லோரும் எருமைக்கு அலைந்தபோது, துப்பினவர்களும் மடுக்கரைக்கு வந்தார்கள். எவரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. நிபந்தனையையும் ஒரு மயிரளவு தளர்த்தவில்லை. போடியார் மட்டும் வரவில்லை, வண்டில் மாடுகளை வைத்தே மிதித்துப் பார்த்துக்கொண்டார்.

போடியார் செத்தபோது பெரியம்மா வந்தார். மாமாவின் காலடியில் உட்கார்ந்து, மருமகள் அழவேண்டிய முறைக்கு அழுதார். அழுது முடிந்து எழும்பியபோது பெரியவர் ஒருவர் மெல்லச் சொன்னார்: “இப்பவாவது அந்தப் பொங்கலப் பொங்கி முடி பிள்ள. அவரும் பொலிஞ்சிட்டார்.”

“இது களமில்ல அண்ணே,” என்றார் பெரியம்மா. “செத்திட்டார் எண்டு சொல்லுங்க. நானும் ஒரு நாளைக்குச் சாவன். பொங்கமாட்டன்.”

பொங்கவில்லை. எருமைகளை என் அம்மாவுக்கு எழுதிவைத்தார். ஆச்சிப்பிள்ளைப் பெரியம்மா இப்போது தன்னாமுனைக்கு மேற்கே வாவிக்கரைச் சவக்காலையில், தாய்க்குப் பக்கத்தில் கிடக்கிறார்.